நீ சரியாகத்தான் கேட்டாய்

தம்பி,

இதை மெதுவாகப் படி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டது இன்னும் மறந்திருக்காது. புரியாத இடத்தில் நின்று திரும்பப் படி. தயவு செய்து போனை வாசிக்க வைத்துக் கேட்காதே. நான் எழுதியிருப்பதை அந்தப் பெண் குரல் உனக்குப் படித்துக்காட்டுகிறது என்று தெரிந்தால் என்னை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிக்கலாம். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு முறை வாயையும் திறந்தேன். ஒரு முறை பால் தீர்ந்துவிட்டது என்றேன். இன்னொரு முறை உன் கார் டயரில் காற்று குறைந்திருக்கிறது என்றேன். நீயும் உடனே போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்று வந்து நின்றாய்.

நாட்டின் மறுகோடியில், மில்பிடாஸில் உனக்கு வேலை கொடுத்திருக்கிற கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்லவேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். நேற்று அம்மா சொன்னாள். "அப்பாவுக்கு நான் கிட்ட இருக்கணும்மா. அன்னைக்கு நான் ஒழுங்கா கேட்டிருந்தா அவருக்கு அப்படி ஆயிருக்காது" என்று அவளிடம் கண்கலங்கினாயாம். ஆன்லைனில் தமிழ் வகுப்பில் சேர்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் நெஞ்சு, நுரையீரல், ரத்தக்குழாய் என்று கோணல் எழுத்தில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறாய். தினமும் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிடுகிறேன். உன்னை அந்தப் பழியோடு இருக்கவிட்டு அரிசி விற்கப் போகிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த எடிசன் ஊரில் மளிகைக் கடை வைத்த நாளிலிருந்து என்னைப் பற்றி ஒரு பேர் உண்டு. சரக்கு விஷயத்தில் இவனை ஏமாற்ற முடியாது என்பார்கள். அது உண்மையும்தான். மூட்டையின் வாயைத் திறந்து காட்டினால் நான் பார்க்கமாட்டேன். குத்தூசியை மூட்டையின் அடிவயிற்றில் இறக்கி, உள்ளே இருக்கிற அரிசியை உள்ளங்கையில் கொட்டி, நாலு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன். எந்த மில், எப்போது அரைத்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டுத் துளைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன், தன் வாய்க்குள் போகிற மாத்திரையை எங்கே வாங்கினான் என்று இனி படிப்பாய்.

போன வருஷம் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உன் முழங்கைச் சொறியைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். என்னடா என்று கேட்டேன். ஆன்லைன் டாக்டருக்கு அனுப்புகிறேன் என்றாய். "போட்டோவைப் பாத்து வைத்தியமா? நாளைக்கு போட்டோவைப் பாத்து சோறும் போட்டுருவானா?" என்று நக்கலடித்தேன். நீ சிரித்துக்கொண்டே அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் தட்டினாய். அலர்ஜி உண்டா, வேறு மருந்து ஏதாவது போடுகிறாயா, எத்தனை நாளாக இருக்கிறது என்று விடாமல் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் எழுதினார். இன்ன களிம்பு, இத்தனை நாளைக்கு மேல் போடாதே, குறையாவிட்டால் நேரில் போய்க் காட்டு. பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். இவ்வளவையும் அம்மா முன்னால், என் முன்னால், இட்லி சாப்பிட்டுக்கொண்டே செய்தாய். எனக்கு வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஏனென்றால் இந்த வீட்டில் அப்படிப் பேச உன்னை நான் பழக்கவில்லை. ஹைஸ்கூலில் நீச்சல் டீமில் இருந்தபோது உனக்குத் தொடையிடுக்கில் அரிப்பு வந்தது. நீ அம்மாவிடம் சொன்னாய், அம்மா என்னிடம் சொன்னாள். அப்பன் என்றால் உட்கார வைத்து என்ன ஏது என்று கேட்கவேண்டும் அல்லவா? நான் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பெட்டியில் இருந்த ட்யூபை வாங்கி உன் கட்டிலில் எறிந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனேன். போட்டவுடன் அரிப்பு நின்றது. பிறகு தொடை முழுக்கப் பரவியது. கடைசியில் தோல் டாக்டர்தான் சொன்னார், அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு, படர்தாமரைக்கு அதைப் போட்டால் மேலுக்கு அடங்கி உள்ளே வளரும் என்று. அந்த இடத்தில் இன்னும் உனக்குத் தழும்புக் கோடுகள் இருக்கின்றன என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை நான் பேசியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சில காலமாக எனக்கு ஆண்மைக் குறை இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு இதை எழுதும்போது கை நின்றுவிடுகிறது. ஆனாலும் சுற்றி வளைத்து எழுதினால் நீ ஃப்ரிட்ஜில் இன்னொரு காகிதம் ஒட்டுவாய், அதனால் நேராகவே எழுதிவிட்டேன். உன் அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய குத்தலாகப் பட்டது. நம் குடும்ப டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் மனைவி நம் கடையில்தான் இட்லி அரிசி வாங்குகிறார். பில் போடும்போது அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தால், சாதாரணச் சிரிப்பா தெரிந்த சிரிப்பா என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கவேண்டும். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை.

உன்னைப் பார்த்த தைரியத்தில், இந்தக் குறைக்கு மாத்திரை கேட்க நானும் போனை எடுத்தேன். முதலில் போனது ஒழுங்கான இடம். உன்னைக் கேட்டமாதிரியே என்னையும் கேட்டார்கள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு, நடந்தால் நெஞ்சு இறுக்குமா, நெஞ்சுவலிக்கு மாத்திரை வைத்திருக்கிறீர்களா? எனக்குத்தான் இதய டாக்டர் கொடுத்த, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சின்ன மாத்திரை இருக்கிறதே. ஆமாம் என்று உண்மையைத்தான் தட்டினேன். மறுநாள் ஒரு டாக்டர் பதில் எழுதினார். நெஞ்சுவலி மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கிவிடும், ஆகையால் இதை உங்களுக்கு எழுதித் தரமுடியாது, உங்கள் இதய டாக்டரிடம் பேசுங்கள், வேறு வழிகளும் இருக்கின்றன என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. காசை நீட்டுகிறவனைப் பார்த்துச் சரக்கு இல்லை என்று சொல்கிற கடையை நான் கண்டதில்லை. என்னைப் பொறுத்தவரை கேள்வி என்பது கஸ்டம்ஸில் கேட்கிற கேள்வி மாதிரி. தாண்டிப் போவதற்காக இருப்பது. உண்மையைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு என்று நினைத்தேன். பிறகு போனிலேயே தேடித் தேடி இன்னொரு இடத்தைப் பிடித்தேன். அங்கே ஒரு கேள்வி கிடையாது, டாக்டர் கிடையாது, கார்டு நம்பர் மட்டும் போதும். வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும் என்று கடை விலாசம் கொடுத்தேன். பெயரில்லாத உறையில் வந்தது. மாத்திரை அட்டையில் கம்பெனி பேர் பாதி அழிந்திருந்தது. மில் பேர் இல்லாத மூட்டையை நான் லாரியிலிருந்து இறக்கவே விடமாட்டேன், தம்பி. இதைத் தண்ணீர் ஊற்றி முழுங்கினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போட்டேன். மறுநாள் காலை கடையின் பின்பக்கம் பருப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சு இறுகியது. நாக்கடி மாத்திரை சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதற்குப் போனது, அந்த டாக்டர் எழுதியது ஞாபகம் வந்தது, கையை எடுத்துவிட்டேன். இதைக் கவனித்துக்கொள். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. தெரிந்துதான் ஆம்புலன்ஸில் ஏறினேன்.

எமர்ஜென்சியில் நர்ஸ் ஒரு ஸ்டாண்டில் வீடியோத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, இதில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அதற்குள் நீயும் அம்மாவும் வந்துவிட்டீர்கள். நான் பெருமையாக, "வொய்? மை சன் இஸ் ஹியர். ஹி வில் டெல் எவ்ரிதிங்" என்றேன். நம் ஆட்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம். பேங்குக்கும் பிள்ளை, இன்ஷூரன்ஸுக்கும் பிள்ளை, டாக்டருக்கும் பிள்ளை. கடையில் விலை பேச என் இங்கிலீஷ் போதும், ஆஸ்பத்திரியில் மட்டும் நீ வேண்டும். டாக்டரம்மா உன்னிடம் ஏதோ கேட்டாள். உன் காது சிவந்ததைப் பார்த்தே என்ன கேள்வி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா... டாக்டர் கேக்குறாங்க... அந்த மாதிரி... பெட்ரூம் மாத்திரை ஏதாவது போட்டீங்களா? நேத்து, முந்தாநேத்து?"

"என்னடா கேக்குற? அம்மா பக்கத்துல நிக்கிறா."

"அப்பா, ஐ ஹேவ் டு ஆஸ்க். இட்ஸ் ரியலி இம்பார்ட்டன்ட். போட்டீங்களா, இல்லையா?"

"இந்த வயசுல அது ஒண்ணுதான் எனக்குக் கேடு. இல்லைன்னு சொல்லுடா."

நீ மூச்சை விட்டாய். அவள் பக்கம் திரும்பி "நோ" என்றாய். இல்லை என்று என் வாயால் நான் டாக்டரிடம் சொல்லவில்லை. உன்னைச் சொல்லவைத்தேன். அவர்கள் வேறு ஏதாவது மருந்து கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். நர்ஸ் என் நாக்குக்கு அடியில் அதே நெஞ்சுவலி மாத்திரையை வைக்க வந்தபோதுகூட வாயைத் திறந்து காட்டினேனே தவிர, திறந்த வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் முன்னால் மானம் போவதைவிட அது தேவலை என்று தோன்றியது. அதன் பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். மெஷின் கத்தியது, கட்டிலின் தலைப்பக்கம் இறங்கியது, அம்மா உன் தோளைப் பிடித்துக்கொண்டாள், என் கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் சுருங்கிக்கொண்டே போனது. உன் முகம்தான் கடைசியாகத் தெரிந்தது. அவ்வளவு பயந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

நரம்பில் தண்ணீர் ஏற்றி என்னைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு டாக்டரம்மா உங்கள் இருவரையும் வெளியே அனுப்பினாள். அந்த மொழிபெயர்ப்புத் திரையைத் தள்ளிவரச் சொன்னாள். முகம் வரவில்லை, ஒரு பெண் குரல் மட்டும் வந்தது.

"வணக்கம் ஐயா. இங்க பேசுறது எதுவும் வெளிய போகாது. டாக்டர் சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்லுவேன், நீங்க சொல்றதை அப்படியே அவங்களுக்குச் சொல்லுவேன்."

"அம்மா, நீங்க எந்த ஊரு?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க ஐயா."

"இல்ல, எடிசன் பக்கமா? எங்க கடைக்கு வர்றவங்களோ என்னவோன்னு..."

"ஐயா, நான் ரொம்பத் தூரத்துல இருக்கேன். டாக்டர் காத்துக்கிட்டு இருக்காங்க. கேள்வி இதுதான்."

அந்தக் கேள்வியை அவள் ஒரு தடங்கலும் இல்லாமல் கேட்டாள், அரிசி இருக்கா என்று கேட்பதுபோல. நானும் ஆமாம் என்றேன். எது, எப்போது, எங்கே வாங்கியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். சொன்னதற்கு நன்றி என்றாள். அந்த அட்டையில் எவ்வளவு மருந்து இருக்கிறது, உண்மையில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்லமுடியாது, அதனால் இன்னும் நிறைய நேரம் உங்களை இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றாள். அவ்வளவுதான். எதற்குப் பயந்து சாகத் துணிந்தேனோ அதைப் பேசி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இதுவரை எழுதியது எனக்கு அவமானம். இனி எழுதுவது உனக்கு நான் செய்த துரோகம். அன்று சாயங்காலம் நீ கட்டிலருகே வந்து நின்றாய். "அப்பா, வேற மருந்தோட சேர்ந்து இப்படி ஆயிடுச்சுன்னு மட்டும் சொல்றாங்க. மத்தது ப்ரைவசியாம். நான்தான் கேட்டேனே? தப்பா கேட்டுட்டேனா?" என்றாய். சொல்ல அது நல்ல நேரம். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "நீ என்னவோ கேட்ட, நான் வேற மாத்திரையப் பத்தின்னு நெனச்சுக்கிட்டேன். விடுடா, உன் தமிழ் அவ்வளவுதானே." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். நீ தலையாட்டினாய். அப்பாவைச் சந்தேகப்படுவதைவிட உன்னையே சந்தேகப்படுவது உனக்குச் சுலபமாக இருந்தது. உன் நல்ல குணத்தின் மேல் என் பொய்யை இறக்கி வைத்தேன்.

நீ சரியாகத்தான் கேட்டாய். ஒரு சொல்லும் பிசகவில்லை. எனக்கு அப்படியே புரிந்தது. பொய் சொன்னது நான்.

போன வாரம் நீ ஆபீஸ் போயிருந்தபோது இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நானே போன் செய்து முன்கூட்டியே சொல்லிவைத்தேன். காசு கேட்பார்களோ என்று விசாரித்தேன், கிடையாதாம். என்னைப்போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் குறை சகஜமாம். இதயக் குழாயில் அடைப்பு வருவதற்கு முன்னாலேயே சில பேருக்கு இங்கேதான் முதலில் தெரியுமாம். முதலிலேயே சொல்லியிருந்தால் இதயத்தையும் சீக்கிரம் பார்த்திருக்கலாமே என்றார். என் மருந்துகளோடு மோதாத வேறு வைத்தியத்துக்கு ஒரு டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். மிச்சம் இருந்த அட்டைகளை மருந்துக்கடையில் பழைய மாத்திரை போடுகிற பெட்டியில் போட்டுவிட்டேன்.

மில்பிடாஸில் நீ தனியாக இருப்பாய். நாளைக்கு ஒரு பெண்ணோடு பழகுவாய், அது உன் விருப்பம். மறைவான இடத்தில் ஒரு புண்ணோ எரிச்சலோ வந்து, நேரில் போய்க் காட்ட வெட்கமாக இருந்தால் போனிலேயே கேள். அது மட்டமான வழி என்று இனி நான் நக்கலடிக்கமாட்டேன். ஆனால் உன்னைக் கேள்வி கேட்கிற இடத்தில் கேள். நீ இருக்கிற மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள டாக்டர் யார் என்று பேர் தெரியவேண்டும், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மருந்தாளர் இருக்கவேண்டும். ரத்தமோ சிறுநீரோ சோதித்துவிட்டு வா என்று சொன்னால் அலுத்துக்கொள்ளாதே, போய்க் கொடு. தொற்று என்று தெரிந்தால் அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடு, அவளுக்கும் வைத்தியம் வேண்டும். காய்ச்சலோ கடுமையான வலியோ இருந்தால், வேகமாகப் பரவினால், போனைக் கீழே வைத்துவிட்டு நேரில் ஓடு. உனக்கு இது தரமுடியாது என்று ஒருவர் எழுதினால், என்னைப்போல் அடுத்த கடைக்குப் போகாதே. என்னிடம் கார்டு நம்பரை மட்டும் கேட்டவனைவிட, சரக்கு இல்லை என்றவர்தான் என்னை மனுஷனாக மதித்தவர். இது எனக்குப் புரிய ஒரு எமர்ஜென்சி வார்டு தேவைப்பட்டது. கேட்கிற கேள்விக்கு உள்ளதைச் சொல். அங்கே விலை பேச எதுவும் இல்லை.

இதை நம் ஊர்த் தமிழ்ச் சங்க மலரில் போடலாமா என்றும் ஒரு எண்ணம். பில் போடுகிற இடத்தில் குனிந்து, "அண்ணாச்சி, ஊர்ல இருந்து வந்த மாத்திரை ஏதும் இருக்கா?" என்று கிசுகிசுக்கிற ஆட்கள் நம் கடைக்கே வருகிறார்கள். முன்பெல்லாம் சிரித்து அனுப்பிவிடுவேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. பேர் போடாமல் கொடுப்பேன், ஆனாலும் நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதில் உன் மானமும் இருக்கிறது. நீ சரி என்றால்தான் கொடுப்பேன்.

எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம்தான் முதலில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் பாத்தேன்" என்றாள்.

"எதை?"

"அந்த அட்டையை. சனிக்கிழமை துணி துவைக்கப் போட்டப்ப உங்க பேன்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. அன்னைக்கு அவன் கேக்கும்போதே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல? நான் செத்திருப்பேன்ல?"

"பெத்த பிள்ளை முன்னாடி அதை எப்படிங்க சொல்றது?" என்றாள். அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை என்னிடமே நீட்டினாள். "இதையும் எழுதிருங்க. அந்த ரூம்ல உண்மையா இருந்தது அவன் ஒருத்தன்தான்னு எழுதுங்க. அவன் எங்க வேணா போகட்டும், இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்."

எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்காதே, தம்பி. வருகிறேன் என்று இன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவிடு.

உன் அப்பா